தாவர அறிஞர் ஜானகி அம்மையார்

நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் கொண்டாடும் இவ்வேளையில், விழா மலரில் எவருடைய வாழ்க்கையை எழுதலாம் என்று எண்ணியபோது, அண்ணல் அம்பேத்கர், அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசன் ஆகிய பெருமக்களின் வரலாறுகளே முதலில் நினைவுக்கு வந்தன. அவற்றை நம் உறுப்பினர் பலரும் அறிவர். ஆனால் மேல்நிலை வகுப்பில் அறிவியல் பிரிவு எடுத்துப் பயிலும் நம் மாணவியரிடம், அறிவியலில் சிறந்து விளங்கிய பெண்மணி ஒருவரின் பெயரைச் சொல்லுமாறு கேட்டால், மேரி கியூரி அம்மையாரோடு நின்றுவிடுகின்றனர். சென்னை மாநகரிலேயே கல்லூரிக் கல்வி பயின்று, அங்கேயே ஆசிரியராக அமர்ந்து, கோயம்புத்தூரில் கரும்பை ஆராய்ந்து, முடிவில் மதுரவாயலில் உயிர் நீத்த ஜானகி அம்மையாரை அவர்கள் கேள்வியுற்றதில்லை. ஆதலின் அவர் வரலாற்றை இங்கே எழுதுகின்றோம்.

எடவலேத் கக்கட் ஜானகி என்பது அம்மையாரின் முழுப்பெயர். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபார் மாவட்டத்துத் தலைச்சேரியில், 1897-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் திவான் பகதூர் இ.கே. கிருஷ்ணன் துணை நீதிபதியாகப் பணிபுரிந்தவர். தாயார் தேவி, ஹானிங்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரிக்கும் மலையாளப் பெண்மணி ஒருவருக்கும் பிறந்தவர். தந்தையாரின் இரு மனைவியர்க்கும் பிறந்த மக்கள் மொத்தம் 19 பேர். தந்தையார் செடிகொடிகளிலும் பறவைகளிலும் பெருவிருப்பம் உடையவராதலின், வீட்டுத் தோட்டமே பிள்ளைகளுக்கு முதற் பள்ளியாயிற்று.

இக்குடும்பம் தீயர் வகுப்பைச் சேர்ந்தது. திருவிதாங்கூர் ஈழவர்க்கு ஒப்பாகக் கருதப்பட்ட இவ்வகுப்பாரை மேல்சாதியார் தீட்டுடையவர் என்றே ஒதுக்கிவைத்தனர். ஆயினும் ஒன்றை மறையாது சொல்லுதல் நம் கடமை. ஆங்கிலேயர் ஆட்சியில் வடமலபார்த் தீயருள் சிலர் கல்வியும் அரசுப் பதவியும் பெற்று முன்னேறியிருந்தனர். அம்மையார் பிறந்த வீட்டில் நூல்கள் இருந்தன. உணவுக்கும் உடைக்கும் குறைவில்லை. சேரிகளில் பிறந்த பெண்மக்களுக்கு அந்நாளில் இவை கனவிலும் கிட்டாதவை. எனவே அவரை நம்மவர் என்று உரிமை கொண்டாடுவது நம் நோக்கமன்று. அத்தகைய வீட்டில் பிறந்த பெண்ணுக்கே, அறிவியலில் நிலைத்து நிற்க எத்தனை துணைகள் வேண்டியிருந்தன என்பதை நம் மக்கள் கருதிப் பார்க்கவேண்டும்.

தலைச்சேரியில் பள்ளிக் கல்வியை முடித்த ஜானகி சென்னைக்கு வந்தார். பெண்களுக்கென்று 1914-இல் தொடங்கப்பெற்ற இராணி மேரி கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். பின்னர் மாநிலக் கல்லூரியில் தாவரவியலில் ஆனர்ஸ் பட்டத்தை 1921-இல் பெற்றார். இந்தியப் பெண்களுள் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஒருவரோ இருவரோ என்றிருந்த காலம் அது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். அதன்பின் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியரானார். அவருடைய தமக்கையர் ஒருவர்பின் ஒருவராகப் பெரியோர் பார்த்துவைத்த மணவாளரை மணந்து சென்றனர். இவர் முறை வந்தபோது இவர் வேறு வழியைத் தேர்ந்தார். இறுதிவரை அவர் மணம் புரிந்துகொள்ளவில்லை.

அந்த வேறு வழியைத் திறந்துவிட்டது ஓர் உதவித்தொகை. அதன் வரலாற்றைச் சிறிது விரிவாகச் சொல்லவேண்டும். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து வழக்கறிஞர் லீவை பார்பர் என்பவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர். அதன் ஆட்சிக் குழுவிலும் இருந்தவர். அவர் கீழ்த்திசை நாடுகளில் பயணம் செய்தபோது, மிச்சிகனில் மருத்துவம் பயின்று 1896-இல் பட்டம் பெற்ற மேரி ஸ்டோன், ஐடா கான் என்னும் சீனப் பெண்மணிகள் தம் நாட்டில் ஆற்றிவந்த மருத்துவப் பணியைக் கண்டு வியந்தார். இவ்விரு பெண்களால் இத்தனை நன்மை விளையுமாயின், இன்னும் பலரைப் படிக்கவைத்தால் என்ன என்று அவர் எண்ணினார். அவ்வெண்ணத்தின் பயனாக, ஆசிய நாட்டுப் பெண்களுக்கென்றே 1917-இல் பெரும் பொருளை மூலநிதியாக வைத்தார். மாணவியர் தங்குவதற்குத் தம் தாயார் பெயரால் விடுதி ஒன்றும் கட்டிக் கொடுத்தார். படிப்புக்குப் பணம் தந்தவர் பலர் உளர். படிக்க வரும் பெண் எங்கே உறங்குவாள் என்றும் சேர்த்து நினைத்தவர் மிகச் சிலரே.

இதன் அருமை நம் மக்களுக்கு எளிதில் விளங்கும். அண்ணல் அம்பேத்கர் 1913-இல் பரோடா மன்னர் அளித்த உதவித்தொகையால்தான் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். திங்கள்தோறும் பதினொன்றரைப் பவுன் அவருக்கு அளிக்கப்பட்டது. ஆனால் படித்துத் திரும்பி, 1917-இல் பரோடாவில் உயர் பதவி ஏற்கச் சென்றவருக்கு அவ்வூரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சிகள் விடுதியில் மறைந்து தங்கியவரைத் தடியேந்தி வந்தவர்கள் வெளியேற்றினர். வேலையை விட்டு அவர் பம்பாய்க்குத் திரும்பினார். கொடுத்த பணம் பட்டத்தைத் தந்தது. இருக்க இடத்தைத் தரவில்லை.

ஜானகி அம்மையார் பார்பர் உதவித்தொகை பெற்று 1924-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். நியூயார்க் துறைமுகத்தை அடுத்த எல்லிஸ் தீவில் குடியேற்ற அதிகாரிகள் அவரைத் தடுத்து நிறுத்தினர். பட்டுச் சேலையும் நீண்ட கருங்கூந்தலுமாக நின்ற அவரை இந்திய இளவரசி என்று அவர்கள் கருதிவிட்டனர் என்றும், அவரும் அதனை மறுத்துரைக்கவில்லை என்றும் சொல்வர். தீயர் குலப் பெண்ணைத் தலைச்சேரியில் எவரும் இளவரசி என்று மயங்கியிருக்க மாட்டார்கள்!

ஆன் ஆர்பர் நகரில் பெண்கள் விடுதியில் தங்கி, பேராசிரியர் பார்ட்லெட் என்பாரிடம் அம்மையார் பயின்றார். முதுநிலைப் பட்டம் பெற்றுச் சென்னைக்குத் திரும்பி மீண்டும் கல்லூரியில் கற்பித்தார். பின்னர் அதே நிதியின் துணையோடு மறுமுறையும் மிச்சிகன் சென்று, 1931-இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். கத்தரியில் அவர் உருவாக்கிய கலப்பினம் ஒன்று அவர் பெயராலேயே வழங்கிற்று. ஒரு பட்டத்தோடு கணக்கை முடித்துவிடாமல், தகுதியுடையவளுக்கு இரண்டாம் முறையும் கைகொடுத்தது அந்நிதியின் தனிச்சிறப்பு என்று நாம் கருதுகின்றோம்.

அவர் ஆராய்ந்த பொருள் யாது என்பதை மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். எல்லா உயிர்களின் உடலும் நுண்ணிய செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லின் உட்கருவிலும் நூலிழை போன்ற குரோமோசோம்கள் உள்ளன. பெற்றோரின் பண்புகளைப் பிள்ளைகளுக்குக் கொண்டுசெல்பவை இவையே. மனிதருக்கு 46, ஒவ்வொரு செடிக்கும் அதற்குரிய எண்ணிக்கை உண்டு. வேர்நுனியை மெல்லியதாகச் சீவிச் சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, அவ்விழைகளைப் பொறுமையாக எண்ணிப் படம் வரையவேண்டும். எந்தச் செடி எதற்கு உறவு, எதனோடு எதனைக் கலந்தால் வித்து உண்டாகும் என்பவற்றை இவ்வெண்ணிக்கை ஓரளவு காட்டிவிடும். கண் வலிக்கும், கழுத்து வலிக்கும். இப்பணியைத்தான் அம்மையார் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் செய்தார்.

தாயகம் திரும்பிய அவர் 1932-இல் திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியரானார். அவர் அமெரிக்காவுக்குச் சென்ற அதே 1924-இல்தான் வைக்கம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஈழவரும் புலையரும் நடப்பதற்காகப் போராட்டம் தொடங்கிற்று. பெரியார் அங்குச் சிறை புகுந்தார். திருவிதாங்கூர்க் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிடப்பட்டது 1936 நவம்பரில். ஆகவே, அரசர் பெயர் தாங்கிய கல்லூரியில் அவர் பேராசிரியராக நின்ற நாளில், அவரையொத்த வகுப்பார் அவ்வரசரின் கோயிலுக்குள் கால்வைக்க முடியாது. எவ்வளவு விந்தையான நாடு நம் நாடு!

அதே காலத்தில், கொச்சி நாட்டு எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் தாட்சாயணி என்னும் புலையர் குலப் பெண் வேதியியல் பயின்றுகொண்டிருந்தார். 1912-இல் முளவுகாடு தீவில் பிறந்தவர் அவர். கொச்சி அரசின் உதவித்தொகையால் கல்லூரிக்கு வந்தார். ஆய்வுக்கூடத்தில் மேல்சாதி ஆசிரியர் அவருக்குச் சோதனைகளைக் காட்ட மறுத்தார். பிறர் செய்வதைத் தொலைவில் நின்று பார்த்தே அவர் கற்றுக்கொண்டார். 1935-இல் அறிவியல் பட்டமும் பெற்றார். தாழ்த்தப்பட்ட மக்களுள் பட்டம் பெற்ற முதற் பெண்மணி அவரே என்பர். அதன்பின் அவருக்குக் கிடைத்தது பள்ளி ஆசிரியர் வேலை. அங்கும் சாதிக் கொடுமை அவரை விடவில்லை. பிற்காலத்தில் தாட்சாயணி வேலாயுதன் என்ற பெயரோடு அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்த ஒரே தலித் பெண் உறுப்பினராக அவர் புகழ்பெற்றார். அதில் நமக்குப் பெருமையே. எனினும் வேதியியல் ஓர் ஆராய்ச்சியாளரை இழந்தது.

இவ்விருவரில் அறிவு யாருக்கு மிகுதி என்று அளப்பார் இல்லை. இருவருக்கும் உதவித்தொகை கிடைத்தது. ஒருவருக்கு அதனோடு விடுதி அறை, வழிகாட்டும் பேராசிரியர், தாமே கையாளத் தக்க நுண்ணோக்கி, படித்து முடித்தபின் ஒரு பதவி ஆகியவையும் கிடைத்தன. மற்றவருக்கு ஆய்வுக்கூடத்தின் மேசையருகே நிற்கும் உரிமைகூடக் கிடைக்கவில்லை. அரசுப் பள்ளிகளில் நெடுங்காலம் பணியாற்றிவரும் நாம், நல்ல மதிப்பெண் பெற்றுக் கல்லூரியில் இடமும் கிடைத்த பெண்கள், தங்க விடுதி கிடைக்காமல் வீட்டோடு நின்றுவிட்டதைப் பலமுறை கண்டிருக்கின்றோம். பொறியியல் வகுப்பில் சேர்ந்த பெண்ணுக்கு வரைபடக் கருவிகள் வாங்கப் பணம் இல்லாமையும், ஆய்வுக்கூடத்தில் கேள்வி கேட்க அஞ்சுதலும் தேர்வுத் தாளில் தெரிவதில்லை. நம் கழகம் இதுவரை கட்டணமும் நூல்களும் அளித்து வந்துள்ளது, நன்று. பட்டம் பெற்ற பெண்ணின் மேற்படிப்புக்கும், நகரில் அவள் தங்கும் அறைக்கும் தனிநிதி ஒன்று வைக்கவேண்டும் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். இனி வரலாற்றுக்குத் திரும்புவோம்.

1934-இல் அம்மையார் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியல் ஆய்வாளராகச் சேர்ந்தார். 1912-இல் தொடங்கப்பெற்ற இந்நிலையம் நம் நாட்டின் சர்க்கரைத் தொழிலையே மாற்றியமைத்தது. இனிப்பு மிகுந்த தடித்த கரும்பு வடநாட்டுக் குளிரையும் நோயையும் தாங்காது. ஆற்றங்கரைகளில் தானே முளைக்கும் பேய்க்கரும்பு என்னும் நாணலோ எதனையும் தாங்கும், ஆனால் இனிப்பதில்லை. இரண்டையும் கலந்து பெற்ற கோ 205 முதலிய வகைகள் 1918 முதல் வயல்களுக்கு வந்தன. எதனோடு எதனைக் கலக்கலாம் என்று மேலும் துணிவதற்குக் குரோமோசோம் அறிவு தேவைப்பட்டது. தடித்த கரும்புக்கு 80 குரோமோசோம்கள். பேய்க்கரும்புக்கோ இடத்துக்கு இடம் 40 முதல் 128 வரை மாறும். இச்சிக்கலான கணக்கை அம்மையார் ஆராய்ந்தார். கரும்பை மக்காச்சோளத்தோடும் வேறு புல்லினங்களோடும் கலந்து அரிய கலப்பினங்களை உண்டாக்கினார். சர் சி.வி. இராமன் நிறுவிய இந்திய அறிவியல் கழகம் 1935-இல் அவரை உறுப்பினராகத் தேர்ந்தது.

புகழ் வந்தது, அமைதி வரவில்லை. பெண் என்பதும், தனித்து வாழ்பவர் என்பதும், சாதியில் தாழ்ந்தவர் என்பதும் ஆண் அலுவலர் நடுவே அவருக்கு இடர்களாயின. 1939-இல் எடின்பரோவில் கூடிய உலக மரபியல் மாநாட்டுக்குச் சென்றபோது இரண்டாம் உலகப் போர் மூண்டது. அவர் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார்.

இலண்டனை அடுத்த மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் 1940 முதல் 1945 வரை பணியாற்றினார். இரவில் செருமானியர் குண்டு வீசும்போது கட்டிலுக்கு அடியில் பதுங்குவார்; விடிந்ததும் உடைந்த கண்ணாடித் துண்டுகளைத் துடைத்து அகற்றிவிட்டு ஆய்வைத் தொடர்வார். நம் ஊர் அணில்பிள்ளை ஒன்றை மறைத்து எடுத்துச் சென்று அங்கே வளர்த்தார் என்பதையும் சொல்லவேண்டும். அதற்குக் கபோக், அதாவது இலவம்பஞ்சு என்று பெயர். டார்லிங்டன் என்னும் பேரறிஞரோடு இணைந்து அவர் எழுதிய பயிர்த் தாவரக் குரோமோசோம் தொகுப்பு 1945-இல் வெளியாயிற்று. அதுவரை அறியப்பட்ட எண்ணிக்கைகளையெல்லாம் திரட்டித் தந்த அந்நூல் உலகெங்கும் ஆய்வாளர் மேசைகளில் இடம்பெற்றது.

போர் முடிந்தபின் விஸ்லியில் உள்ள அரச தோட்டக்கலைச் சங்கம் அவரைச் சம்பளம் அளித்து அமர்த்தியது. அங்கு அவ்வாறு பணியேற்ற முதற் பெண் அறிவியலார் அவரே என்பர். நம் செண்பகத்துக்கு உறவான மக்னோலியாச் செடிகளின் நாற்றுகளைக் கால்ச்சிசின் என்னும் மருந்தால் பதப்படுத்தினார். செல் பிரியும்போது குரோமோசோம்கள் இரட்டித்து அப்படியே நின்றுவிடச் செய்வது இம்மருந்து. நம் நாட்டுச் செங்காந்தள் கிழங்கிலும் இது உண்டு. அவ்வாறு உண்டான தடித்த இதழ்களையுடைய வெண்மலர் மரம் ஒன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951-இல் தாயகம் திரும்பினார். இந்தியத் தாவரவியல் அளவீட்டு நிறுவனத்தைச் சீரமைக்கும் பொறுப்பு 1952-இல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்தியச் செடிகளின் உலர்மாதிரிகள் பல இலண்டன் கியூ தோட்டத்தில் இருக்க, நம் ஆய்வாளர் அங்கே சென்று பார்க்கவேண்டியிருந்த நிலையை மாற்ற அவர் விரும்பினார். திட்டம் வகுத்தவர் அவர். ஆனால் நிறுவனத்தின் தலைமை, 1950-களின் நடுவில், சந்தாபாவு என்னும் இயேசு சபைத் துறவிக்கு அளிக்கப்பட்டது. அவரும் கற்றறிந்தவரே. எனினும் அம்மையாருக்கு அது பெருந்துயர் தந்தது. அலகாபாத்திலிருந்த மத்தியத் தாவரவியல் ஆய்வுக்கூடத்துக்கு அவர் தலைமை தாங்கினார்.

1955-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், மனிதன் நிலத்தை எவ்வாறு மாற்றியமைத்துவிட்டான் என்பதை ஆராயப் பன்னாட்டு அறிஞர் கூடினர். அழைக்கப்பட்டவர்களுள் பெண் இவர் ஒருவரே. இந்திய மக்களின் வாழ்வுக்கு ஆதாரமான பழைய உழவு முறைகளைப் பற்றி அங்கே உரைத்தார். மறு ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகம் தன் பழைய உதவித்தொகை மாணவிக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்துச் சிறப்பித்தது.

ஜம்முவிலும் டிராம்பேயிலும் சில காலம் பணிபுரிந்தபின், 1970-இல் சென்னைக்கு வந்து சேர்ந்தார். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் மதுரவாயல் கள ஆய்வுக்கூடமே அவருடைய இல்லமாயிற்று. மூலிகைத் தோட்டம் ஒன்றைப் பேணிவந்தார். உயர்ந்த தோற்றம், மஞ்சள் நிறச் சேலை, அதே நிறத்தில் நீண்ட மேற்சட்டை, மிகக் குறைந்த உடைமைகள். கண்டோர்க்குப் பௌத்தப் பிக்குணியின் நினைவு வந்தது என்பர். 1977-இல் பத்மஸ்ரீ விருது அவரை வந்தடைந்தபோது அவருக்கு வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த முதுமையிலும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. பாலக்காடு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையின் குறுக்கே மின்சாரத்துக்காக அணை கட்டத் திட்டமிட்டனர். கட்டினால் பழமையான மழைக்காடு நீரில் மூழ்கும். அதனை எதிர்த்தோருடன் அம்மையாரும் நின்றார். அக்காட்டுச் செடிகளின் குரோமோசோம்களை ஆராயும் பணியையும் மேற்கொண்டார். தம் வாழ்நாளெல்லாம் கூடுதல் விளைச்சலுக்காகப் பயிர்களைக் கலந்தவர், கலப்பற்ற காட்டைக் காக்க முதுமையில் முன்வந்தார். அத்திட்டம் 1983-இல் கைவிடப்பட்டது.

1984 பிப்ரவரி 7-ஆம் நாள், தம் 86 வயது நிறைந்த நிலையில், மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் பணியிலிருந்தபோதே அம்மையார் காலமானார். அவ்வாண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. போர்க்காலத்தில் அவருக்கு இடமளித்த ஜான் இன்னஸ் நிறுவனம் பின்னாளில் வளரும் நாடுகளின் மாணாக்கர் தன்னிடம் வந்து முதுநிலைக் கல்வி பயில அவர் பெயரால் ஓர் உதவித்தொகையை ஏற்படுத்தியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் பல்லி இனம் ஒன்றுக்கு 2019-இல் ஆய்வாளர்கள் அவர் பெயரைச் சூட்டினர்.